தென்னேரிப் படகின் இஞ்சின்காரி

லாரியில் படகு வருகிறது என்று யாரோ கத்தியபோது கிருஷ்ணவேணி நவரைப் பட்டத்துக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த நாற்று முடியை வரப்பில் போட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். அதற்குள் ஐயம்பேட்டையில் பாதி ஊர் அங்கே கூடிவிட்டது. புளியமரத்துக் கிளையில் படகின் கூரைக் கம்பி மாட்டிக்கொண்டு லாரி நகர முடியாமல் நின்றது. பின்னால் காஞ்சிபுரம் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. வெள்ளைப் படகு, ஓரத்தில் நீலக் கோடு. பாலாற்றில் வருஷத்தில் பாதி நாள் மணலையே பார்த்துப் பழகியவர்கள், அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

கிருஷ்ணவேணி லாரியின் சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். படகின் நடுவில் ஒரு மரப்பெட்டி மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தாள். பச்சை வண்ணம் அடித்த டீசல் இஞ்சின்! பித்தளைக் குழாய்கள் பளபளத்தன.

"ஏம்மா, கீழ எறங்கு! விழுந்து வைக்கப் போற!" என்று பின்னாலிருந்த காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த கலியாணசுந்தரம் முதலியார் அவர்.

"ஐயா, இத யாரு ஓட்டப் போறாங்க?" என்று அவள் மேலிருந்தபடியே கேட்டாள்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்து, தென்னேரி ஏரி கடல் மாதிரி நிரம்பியிருந்தது. முதலியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. தன் கடையில் கல்யாணப் பட்டு எடுப்பவர்களை ஏரியில் படகில் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டுவது. வேறு எந்தக் கடைக்காரன் இதைச் செய்ய முடியும்? சென்னைத் துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த பழைய உல்லாசப் படகு ஒன்றைப் பிடித்துவிட்டார். திசை பார்த்து ஓட்ட, தென்னேரியில் மீன் பிடிக்கும் கலியன் ஒப்புக்கொண்டிருந்தான். இஞ்சினைப் பார்த்துக்கொள்ள மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

கிருஷ்ணவேணிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அவளுக்கும் இஞ்சினுக்கும் உறவு ஏற்பட்டது ஒரு விபத்தால். வயல் கிணற்று டீசல் இஞ்சினை அவள் புருஷன் கோதண்டபாணி ஒருநாள் சுற்றிக் கிளப்பியபோது, கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு ஒடிந்தது. கட்டு அவிழ்க்கும்வரை பயிர் காத்திருக்காது. அவளே சுற்றினாள். கட்டு அவிழ்ந்த பிறகு கோதண்டபாணி கைப்பிடியைக் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. அதற்குள் இஞ்சின் எப்போது இருமுகிறது, எப்போது புகையில் கருப்பு ஏறுகிறது என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. பக்கத்து வயல்காரர்களும் அவளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எண்ணெய்க் கையோடு வீட்டுக்கு வந்து, "இன்னிக்கி மூணு கொல்லையில நான்தான் தண்ணி எறச்சேன்" என்று பெருமை அடித்துக்கொள்வாள். அடக்கம் என்பது அவளிடம் கிடையாது.

மறுநாளே கோதண்டபாணியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து தென்னேரிக்குப் போய்விட்டாள். படகை ஏரியில் இறக்கியிருந்தார்கள். அதோடு வந்திருந்த ராயபுரம் மெக்கானிக் முனுசாமி இஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தான். முதலியார் கரையில் குடை பிடித்து நின்றார்.

"ஐயா, இந்த வேல எனக்குக் குடுங்க" என்றாள்.

முதலியார் சிரித்துவிட்டார். "கல்யாண பார்ட்டி வர்ற எடம்மா இது. பொம்பள இஞ்சின் ஓட்டினா பயந்துக்க மாட்டாங்களா?"

"கல்யாண பார்ட்டின்னா பாதிப் பேரு பொம்பளைங்கதானே? அரக்கால் சட்டை போட்ட ஆம்பள ஒருத்தன் அவுங்க காலடியில இருக்குற இஞ்சின் பொட்டியில பூந்து பூந்து எழுந்தா அவுங்களுக்கு எப்டி இருக்கும்?"

முதலியார் சிரிப்பை நிறுத்தினார். இருபது வருஷமாகப் பெண்களுக்குப் புடவை விற்றவர் அவர். "முனுசாமி, நீ ஊருக்குப் போறதுக்குள்ள இதுங்கிட்ட எல்லாத்தயும் சொல்லிக் குடுத்துட்டுப் போப்பா" என்றார். கோதண்டபாணி சைக்கிளைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

முனுசாமிக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். பொங்கலுக்குள் ராயபுரம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு. படபடவென்று சொன்னான். வயல் இஞ்சினுக்கும் இதற்கும் ஒரே பெரிய வித்தியாசம் தண்ணீர்தான். படகின் அடியில் ஒரு துவாரம். அதில் ஒரு வால்வு. அதைத் திறந்தால் ஏரித் தண்ணீர் உள்ளே வந்து, ஒரு சல்லடை வழியாக வடிந்து, பம்புக்குப் போகும். பம்புக்குள் ரப்பரால் செய்த ஒரு சின்னப் பூச்சக்கரம் சுழன்று அந்தத் தண்ணீரை இஞ்சினைச் சுற்றி ஓட்டிச் சூட்டைத் தணிக்கும். பிறகு அதே தண்ணீரைப் புகையோடு சேர்த்துப் பின்பக்கக் குழாய் வெளியே துப்பும்.

"அந்தத் துப்புற சத்தம் கேக்குதா? அதான் இதுக்கு உசுரு. அது நின்னுச்சின்னா ஒடனே இஞ்சின நிறுத்திடணும்" என்றான் முனுசாமி.

"தெரியுது தெரியுது" என்றாள்.

தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில் முனுசாமி டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், தானே கிளப்பிக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் கைப்பிடியைச் சுழற்றினாள். இஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அவள் கைதட்டினாள். கலியனும் சிரித்தான். சற்று நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வால்வைத் திறக்க மறந்திருந்தாள்.

முனுசாமி டீ கிளாஸோடு ஓடி வந்தான். "மொதல்ல வால்வு, அப்பாலதான் கைப்பிடின்னு தலப்பாடா அடிச்சிக்கினேனேம்மா!" பம்பைக் கழற்றினான். ரப்பர்ப் பூவின் இதழ்கள் பிய்ந்து கிடந்தன. மாற்றுவதற்குப் புதிதாக ஒன்றுதான் கையிருப்பு. அதை எடுத்து மாட்டப் போனவன் நின்றான். பிய்ந்த இதழ்களைத் தரையில் அடுக்கிப் பார்த்தான். ஒன்று குறைந்தது.

"அது குழாய்க்குள்ள எங்கியோ போய் உக்காந்துக்கினு இருக்குது. அத எடுக்காம வுட்டா தண்ணி போற வழி அடைச்சிக்கும்."

அவள் அழவில்லை. ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, வாயில் வைத்து ஊதி, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். மத்தியானம் கோதண்டபாணி சோறு கொண்டுவந்தான். அவன் சைக்கிளிலிருந்து ஒரு ஸ்போக்ஸ் கம்பியை உருவி, முனையை வளைத்து, கடைசி வளைவுக் குழாய்க்குள் விட்டுத் துழாவினாள். கருப்பாக ஒரு துண்டு கொக்கியில் மாட்டி வந்தது.

"கெடச்சிடுச்சி!" என்று அவள் போட்ட சத்தத்தில் கரையில் மேய்ந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. முனுசாமியே சிரித்துவிட்டான். அன்றைக்குப் பிறகு அவள் வால்வை மறக்கவே இல்லை.

தை பிறந்தது. கல்யாண பார்ட்டிகள் வர ஆரம்பித்தார்கள். சேலத்துக்காரர்கள், வேலூர்க்காரர்கள், சென்னைக்காரர்கள். கிருஷ்ணவேணி விடிந்ததும் வந்துவிடுவாள். குச்சியை உருவி ஆயில் அளவு பார்ப்பாள். டீசலிலிருந்து பிரிந்து கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் தங்கும் தண்ணீரை வடிப்பாள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். சல்லடையைத் திறந்தால் தினமும் ஒரு கைப்பிடி பாசி இருக்கும். சில நாள் அதில் ஒரு கெண்டைக்குஞ்சு துள்ளும். அதை ஏரியிலேயே விடுவாள். பிறகு கூரையில் சாமந்திச் சரம் கட்டுவாள். பயணிகள் ஏறியதும், "பயப்படாதீங்கம்மா, இஞ்சின் நம்ம கையில இருக்குது" என்பாள். பெண்கள் முதலில் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். இறங்கும்போது அவளோடு பேசிக்கொண்டே இறங்குவார்கள். கடையில் கூட்டம் கூடியது. முதலியார் அவளை எங்கே பார்த்தாலும் கையசைக்க ஆரம்பித்தார்.

மாசியில் ஒருநாள், முதலியாரின் கடைக்குத் தறி நெய்து தரும் பிள்ளையார்பாளையத்துக் குடும்பம் ஒன்று வந்தது. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். மணப்பெண் ஏலவார்குழலி தன் முகூர்த்தப் புடவையைத் தானே நெய்தவள். "இந்தப் பொண்ணு என் கடைக்கி எத்தினி புடவ நெய்ஞ்சி குடுத்திருக்குது. இவுங்களுக்கு நல்லா சுத்திக் காட்டும்மா" என்று முதலியார் சொல்லி அனுப்பியிருந்தார். புது மாப்பிள்ளை, இரண்டு வீட்டுப் பெரியவர்கள், பெரிய கருப்புக் குடையோடு மாப்பிள்ளையின் தாய்மாமன். சாப்பாட்டையும் படகிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. நடு ஏரியில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட இலைகளைத் தண்ணீரில் வீசினார்கள்.

திரும்பும்போது காற்று மாறியது. ஏரி இன்னும் வழிந்துகொண்டிருந்த காலம். கலங்கல் என்னும் வழிகாலில் தண்ணீர் வெள்ளையாகக் கொட்டும் சத்தம் தூரத்தில் கேட்டது. அதைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்க, கலியன் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பினான்.

அப்போதுதான் கிருஷ்ணவேணியின் காது விறைத்தது. பின்பக்கக் குழாய் தண்ணீர் துப்பவில்லை. புகை மட்டும் வறட்டுச் சத்தத்தோடு வந்தது. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் இஞ்சினை நிறுத்தினாள்.

"இன்னாம்மா பண்ற? கலங்கல் இழுக்குது!" என்று கலியன் கத்தினான். மூங்கிலை ஊன்றிப் பார்த்தான். அடி எட்டவில்லை. நங்கூரத்தைப் போட்டான். அது சேற்றில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஏலவார்குழலி மட்டும் இஞ்சின் பெட்டியருகே வந்து குனிந்தாள். "அக்கா, நான் இன்னா செய்யணும்?"

"இந்த மூடியக் கையில புடிச்சிக்க. கீழ போட்டுடாத."

கிருஷ்ணவேணி வால்வை மூடிவிட்டு, சல்லடையைத் திறந்து மூடியை அவளிடம் கொடுத்தாள். சல்லடை சுத்தமாக இருந்தது. வால்வைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் பொங்கி மேலே வர வேண்டும். சொட்டுக்கூட வரவில்லை. அப்படியானால் அடைப்பு படகுக்குள் இல்லை, அடியில்தான். எது அடைத்திருக்கும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"எலை! எலை போய் ஒட்டிக்கினு இருக்குது! நீட்டமா ஒரு கம்பி குடுங்க!"

கம்பி எங்கே இருக்கும் படகில்? கலங்கலின் சத்தம் இப்போது பேச்சையே அமுக்கியது. அவள் பார்வை மாப்பிள்ளையின் தாய்மாமன் மேல் விழுந்தது. "ஐயா, கொடைய குடுங்க!"

"ஏம்மா, மழையா வருது இப்ப?" என்றார் அவர் குழம்பிப்போய். ஏலவார்குழலி அவர் கையிலிருந்து குடையை வெடுக்கென்று பிடுங்கிக் கொடுத்தாள்.

கிருஷ்ணவேணி வால்வுக்கு மேலிருந்த ரப்பர்க் குழாயை இழுத்துக் கழற்றினாள். குடையின் கூரான இரும்பு முனையை வால்வின் வாய்க்குள் நேராக விட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். ஒருமுறை. அசையவில்லை. இன்னொருமுறை. ஏதோ விட்டுக்கொடுத்தது. அடுத்த கணம் ஏரியே உள்ளே வந்துவிட்டது போலத் தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. மணப்பெண்ணின் பட்டுப்புடவை நனைந்தது. பின்னால் கிழிந்த வாழையிலை ஒன்று மிதந்து போனது.

வால்வை மூடி, குழாயை மாட்டி, சல்லடையை மூடி, மறுபடி வால்வைத் திறந்தாள். மொதல்ல வால்வு, அப்பாலதான் கைப்பிடி. ஈரக் கையில் கைப்பிடி வழுக்கியது. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு சுழற்றினாள். இஞ்சின் ஒருமுறை இருமியது. பிடித்துக்கொண்டது. எல்லோரும் கலங்கலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் பின்பக்கக் குழாயைப் பார்த்தாள். புகை... புகை... பிறகு தூ, தூ என்று தண்ணீர்.

"துப்புது! கலியா, திருப்பு!"

கலியன் சுக்கானை வளைத்தான். படகு நடுங்கி, நின்று, மெல்ல மெல்லக் கலங்கலுக்கு முதுகைக் காட்டியது. கரையில் ஓடிவந்துகொண்டிருந்த மாடு மேய்ப்பவர்கள் துண்டை வீசிக் கூச்சலிட்டார்கள். படகில் அழுதவர்கள் சிரித்தார்கள். தாய்மாமன் வளைந்துபோன குடையை விரித்துப் பார்த்து, விரியாததைக் கண்டு அவரும் சிரித்தார். ஏலவார்குழலி நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே, "அக்கா, இன்னொரு சுத்து போலாமா?" என்றாள். அவள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு படகில் இலைபோட்டுச் சாப்பிடக் கூடாது என்று முதலியார் உத்தரவு போட்டார். நடந்ததைக் கேள்விப்பட்டு அந்தப் படகில்தான் போக வேண்டும் என்று வந்தவர்கள் அதிகம். சித்திரை முடியும்வரை கூட்டம் குறையவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. ஏரி குட்டையானது. எண்ணூரில் கழிமுகத்தில் உல்லாசப் பயணம் நடத்தும் ஒருவருக்கு முதலியார் படகை விற்றார். "இத வாங்கினா இவளயும் ஒருவாட்டி கூட்டிக்கினு போங்க. இஞ்சினு இவ பேச்சத்தான் கேக்கும்" என்றார். கிருஷ்ணவேணி கோதண்டபாணியையும் இழுத்துக்கொண்டு லாரியிலேயே எண்ணூர் போனாள். இஞ்சினைப் பூட்ட வரவழைக்கப்பட்டிருந்த முனுசாமி அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தான்.

"இது உப்புத்தண்ணி. இங்க வேல ரெட்டிப்பு" என்று எச்சரித்தான். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். உப்பு இஞ்சினை அரிக்காமல், தன்னைத் தின்னக் கொடுப்பதற்கென்றே உள்ளே ஒரு துத்தநாகத் துண்டு உண்டு. அது தேய்ந்ததும் மாற்ற வேண்டும்.

"அடேங்கப்பா! எல்லாத்தயும் காட்டு" என்று அவள் பெட்டிக்குள் தலையை விட்டாள்.

வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் எண்ணூர்க்காரர் ஆள் அனுப்புவார். அவள் பஸ் ஏறிப் போய், இஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து, பூட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். ஐயம்பேட்டைக் கிணறுகளையும் அவள் விடவில்லை.

ஆனால் எண்ணூரில் அந்த முதல்நாளைப் பற்றித்தான் கோதண்டபாணி ஊரில் எல்லோரிடமும் சொல்வான். கழிமுகத்தைத் தாண்டி முதல் அலை படகைத் தூக்கியபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தான். அவள் ஒரு கையை இஞ்சின் மேல் வைத்தபடி, மற்றக் கையால் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"மாமா! நெசமாவே கரிக்குது!" என்று கத்தினாள். அடுத்த அலை வந்துகொண்டிருந்தது.