மறுபக்கம் சாய்ந்த கோடுகள்

அச்சகத்தில் அவளுக்கு ‘மவுஸ் மகாராணி’ என்று பெயர். வைத்தவர் பைண்டிங் பிரிவு அண்ணன். பென்சிலில் வரைந்து வரும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கோடு கோடாக மறுபடி இழுத்து, நிறம் நிரப்பிக் கொடுப்பது அவள் வேலை. பென்சில் பிடித்தவன் வேறு யாருமில்லை, அவள் கணவன்தான். ஒரே மேஜையின் இரு பக்கம் உட்கார்ந்து சண்டை போட்டுக் கல்யாணத்தில் முடிந்த கதை.

வேலை குறைந்து, அவன் கடல் தாண்டி ஒரு மரச்சாமான் பட்டறைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் சிறுவர் இதழின் தபால்கார நத்தைப் படக்கதையை விடவில்லை. வாரம் ஒரு தாள் வரைந்து போட்டோ எடுத்து அனுப்புவான். அவள் அதை மங்கலாக்கி அடியில் வைத்துக்கொண்டு மேலே புதுக்கோடு இழுப்பாள். அந்த ஒரு மணி நேரம் அவன் கைமேல் தன் கையை வைத்திருப்பது போலிருக்கும் அவளுக்கு. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அண்ணன் போஸ்டரே அடித்து ஒட்டிவிடுவார்.

அவன் வட்டம் போட்டால் முடிவில் மயிரிழை இடைவெளி விட்டுவிடுவான். கவனிக்காமல் நிறத்தைக் கொட்டினால் அந்தச் சந்து வழியாக வெளியேறிப் பக்கம் முழுக்கப் பரவும். “ஒரு வட்டத்தை ஒழுங்கா மூடத் துப்பில்ல” என்று திட்டிக்கொண்டேதான் அடைப்பாள். திட்டுவதற்கு ஆள் பக்கத்தில் இல்லையே என்றும் தோன்றும்.

ஒரு புதன்கிழமை வந்த படத்தில் நத்தை ஓட்டின் வட்டம் கச்சிதமாக மூடியிருந்தது. நிழலுக்கு அவன் இழுக்கும் மெல்லிய கோடுகள் எப்போதும் வலப்பக்கம் சாயும். இதில் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. படம் இடவலமாகத் திரும்பிவிட்டதோ என்று பார்த்தாள். படத்திலிருந்த தபால் பெட்டியில் எழுத்து நேராகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் கோணல். பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு முழுக்க நடுக்கம்.

மதிய இடைவேளையில் மாடிப்படியில் நின்று போன் செய்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“ம், ஆச்சு. நீ?”

“எந்தக் கையால சாப்பிட்டீங்க?”

“அடிப்பாவி, யாரு சொன்னா?”

“நத்தை சொல்லுச்சு.”

இழைப்பு இயந்திரத்தில் வலக்கை விரல் இரண்டு மாட்டி ஒரு மாதமாகியிருந்தது. வீடியோவில் வராமல், நெட் சரியில்லை என்று அவன் சாக்குச் சொன்னதெல்லாம் அதனால்தான்.

“முன்னாடியே வரைஞ்சு வச்சது மூணு இருந்துச்சு. அதை அனுப்பி ஒப்பேத்தினேன். தீர்ந்துபோச்சு. நீ பயந்துடுவேன்னுதான்...”

“மறைக்க உங்க வாய்க்குத் தெரியுது, கைக்குத் தெரியலையே.” என்றாள். “வந்துடுங்க.”

“ஒப்பந்தம் இன்னும் எட்டு மாசம் இருக்கேம்மா.” பிறகு சொன்னான்: “அந்தப் படம் அசிங்கமா இருக்கு. நீயே சரிபண்ணிடு.”

சரிபண்ண ஒரு நிமிஷம் போதும். நடுக்கத்தைத் தானே வழவழப்பாக்கும் வசதி மென்பொருளில் உண்டு. போட்டுப் பார்த்தாள். அழகாக வந்தது, யார் வரைந்ததென்றே தெரியாத அழகு. அதை அழித்துவிட்டு, நடுங்கிய இடத்தில் நடுங்கி, நின்ற இடத்தில் நின்று, இழுத்து முடிக்கும்போது அச்சகம் பூட்டும் நேரம்.

“நத்தைக்குக் குளிர் ஜுரமா?” என்று கேட்டார் இதழாசிரியர்.

“ஆமா சார். சீக்கிரம் சரியாயிடும்.”

இப்போதெல்லாம் வீடியோவில் வந்ததும் அவன் முதலில் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். அது அவள் போட்ட சட்டம். பிடிபட்ட திருடனைப் போல் சிரித்துக்கொண்டே காட்டுவான். இரண்டு விரல் இன்னும் முழுக்க மடங்குவதில்லை. அவள் திரை மங்கும்வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டு மாதத்தில் ஐந்து கழிந்திருக்கிறது.