பேர் போடுகிற மூன்று நிமிடம்

கல்லூரியில் சினிமாப் பாடம் எடுப்பவளை யாரும் வாத்தியாராக மதிப்பதில்லை. படம் போட்டுவிட்டுச் சம்பளம் வாங்குகிறவள் என்றே நினைக்கிறார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் மகா ஜனங்களே, நீங்களாவது என் எரிச்சலைக் கேளுங்கள்.

முதல் வகுப்பு

நான் நடத்துவது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் டைட்டில். விடிகாலைக் கடைத்தெரு. ஒவ்வொரு பேர் வரும்போதும் ஒரு கடையின் பலகைக் கதவு திறக்கும். கடைசிக் கடை மட்டும் திறக்காது. மூடிய அந்தக் கதவின் மேல் இயக்குநர் பேர் வரும். அது ஏன் மூடிக் கிடக்கிறது என்பதுதான் முழுப் படமும். எப்பேர்ப்பட்ட மூளை!

இரண்டாவது கடை திறப்பதற்குள் முன்பெஞ்சு மாணவன் கொட்டாவி விட்டான்.

"மேம், பேர்தான ஓடுது? ஓட்டிவிடுங்க. கதை வந்ததும் எழுப்புங்க."

காளவாசல் கடை

அந்தப் பிரதியைத் தேடி நான் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியும்? காளவாசலில் பழைய டிவிடி விற்பவரிடம் நாலு வாங்கினேன். நாலிலும் டைட்டிலை வெட்டி நகைக்கடை விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். நேரே போய்ச் சண்டை போட்டேன். மனிதர் அசரவில்லை.

"அக்கா, ஒரு பாட்டு கொறைஞ்சாக் கேளுங்க, காசத் திருப்பித் தாரேன். பேர் கொறைஞ்சிருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல."

கடைசியில் கொட்டாம்பட்டியில் படம் சேர்க்கிற ஒரு தபால்காரரிடம் கெஞ்சி, பேரோடு ஒரு காப்பி எடுத்துவந்தேன்.

ஆசிரியர் அறை

இந்தப் பாடம் தேவைதானா என்று கல்லூரிச் செயலாளரே வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வார் என்று சுற்றறிக்கை வந்தது. ஆறு வருடமாக நான் உருவாக்கிய பாடம். பொருளியல் ஆசிரியருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"மூணு நிமிஷ டைட்டிலுக்கு ஆறு பீரியடா? இந்தியப் பொருளாதாரத்தையே நான் நாலு பீரியட்ல முடிச்சிருவேன்."

ஆய்வகத்து அண்ணன்

சுற்றறிக்கையில் சொன்ன நாளில் செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பிளேயை அமுக்கினேன். கடைத்தெருவைக் காணோம், நேராகக் கதாநாயகன் பல் விளக்குகிறான். ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் காதருகே வந்து பெருமையாகச் சொன்னார்.

"சார் பிஸியான ஆளு மேடம். போரடிக்கக் கூடாதுன்னு முன்னாடி ஓடுன பேர் அம்புட்டையும் நாந்தான் வெட்டிட்டேன்."

மனுஷன் நல்லெண்ணத்தில் செய்திருக்கிறார். அதனாலேயே கூடுதலாக ஆத்திரம் வந்தது. கொட்டாம்பட்டிக்குப் போய் இன்னொரு காப்பி எடுத்துவர நேரம் ஏது?

தீர்ப்பு

கரும்பலகையில் கடைகளை வரைந்தேன். கதவுகளைக் கையால் திறந்து காட்டினேன். கோபத்தில் சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. செயலாளர் என்னைப் பார்க்கவேயில்லை, திரையில் ஓடிய படத்தையே ரசித்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் எழுந்தார்.

"நல்ல படந்தாம்மா. யாரு எடுத்தது? பேரே போடலையே?"

"அதத்தான் சார் நான் நடத்த வந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் பிள்ளைக வீட்டுல பாத்துக்கிரும். இந்தப் பாடத்த அடுத்த வருஷம் தூக்கிருவோம்."

புதிய பாடத்திட்டப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. என் பாடம் அதில் இல்லை, செயலாளர் பேர் மட்டும் முதல் பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தில் இருக்கிறது.