பின்னறையில் இருந்த பிரான்சு

போன வாரம் எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டில் புதிதாகத் தடுத்துக் கட்டிய அறைக்குக் கதவு மாட்ட ஆசாரி வந்திருந்தார். கதவை நிறுத்தி, கீலை முடுக்கி, நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. அந்தத் திருப்தியில் டீ குடிக்கக் கிளம்பியவர் வாசலிலிருந்து திரும்பி வந்து கேட்டார்.

“ஏம்மா, வெளிப்பக்கம் ஒரு தாப்பா அடிச்சிடட்டுமா? கையோட கையா முடிஞ்சிடும்.”

“வேணாங்க.”

“இல்லம்மா, பூன கீன பூந்துடும்...”

“பூந்தா பூந்துட்டுப் போவுது. வேணாம்னா வேணாம்!”

நான் போட்ட சத்தத்தில் ஆசாரி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எனக்கு வழக்கமான கவலை ஆரம்பித்தது. அவர் கோபித்துக்கொண்டு திரும்பி வராமல் போய்விட்டால்? வெளியே போய் ‘அந்த அம்மாவுக்கு ஒரு மாதிரி’ என்று சொல்லிவிட்டால்? கேஸை அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்க்கிற ஜென்மம் நான். ஆனால் அன்றைக்கு எழுந்து போனது கேஸைப் பார்க்க அல்ல, கையைக் கழுவ. வலது கை ஆள்காட்டி விரலில் துரு வாசனை அடித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. புதுக் கதவில் துரு ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். இந்தக் கதவுத் துரு இல்லை அது.

நான் பேய்க்கதை எழுதுகிறவள். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குமே மாத நாவல், அதில் என் பேரை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மாமியார் கொடுமை, வரதட்சணை, சொத்துக்காகத் தங்கையைப் பைத்தியம் என்று கட்டிப்போட்ட அண்ணன் என்று எதை எழுதினாலும் அதில் ஒரு பேய் இருக்கும். பேய் இல்லாமல் இதையெல்லாம் சொன்னால் ‘எங்க குடும்பத்தத்தான் எழுதிட்டா’ என்று சண்டைக்கு வருவார்கள். பேயை நடுவில் விட்டால் அந்தக் குடும்பமே உட்கார்ந்து படிக்கும். இது நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கற்ற படிப்பு.

‘நீங்க பேயப் பாத்திருக்கீங்களா?’ என்று கேட்காத வாசகர் இல்லை. பார்த்ததில்லை. ஆனால் ஒரு பேயை நான் உண்டாக்கியிருக்கிறேன். அதற்குத் தினமும் சோறும் போட்டிருக்கிறேன்.

அப்போது எங்கள் வீடு உப்பளம் என்கிற பேட்டையில் இருந்தது. முன்னறை, பின்னறை, நடுவில் அடுப்படி, கொல்லையில் கக்கூஸ். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடியதும் அவர் வாயையும் மூடிக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு, கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எங்கள் தெருவே வாய் பிளந்த அந்தக் கல்யாணம் நடந்தது. அக்கா வளர்மதிக்கு நேஷனாலிட்டி மாப்பிள்ளை! எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த குடும்பம், காரைக்காலில் மாடி வீடு, பையனுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூட யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு மாதம் இருந்துவிட்டு மாப்பிள்ளை விமானம் ஏறினார். ‘பேப்பர் அனுப்பறேன், வளரு வந்துடட்டும்’ என்றார். அக்கா காரைக்காலில் மாமியார் வீட்டில் ஆட்டுக்கல்லுக்கும் அம்மிக்கும் நடுவில் பேப்பருக்குக் காத்திருந்தாள். இங்கே தெருவில், ‘என்னா, பொண்ணு போயிட்டாளா?’ என்று அம்மாவைத் துளைத்தார்கள். ஆறு மாதம் பொறுத்தாள் அம்மா. ஒரு நாள் கடைத்தெருவில் பளபளவென்று தாள் சுற்றிய சாக்லேட் அரைக் கிலோ வாங்கிவந்து வீட்டுக்கு நாலாகக் கொடுத்தாள். “வளரு அனுப்பிச்சா. பிரான்சு சாக்லேட்.”

தெருவே சப்புக்கொட்டித் தின்றது. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியக்கா மட்டும், “நம்மூரு மிட்டாய் மாரியேதான் இருக்கு” என்று இழுத்தாள்.

“அங்கேருந்துதாண்டி இங்க வந்துச்சு,” என்றாள் அம்மா.

எங்களை மாட்டிவிட்டது அந்தச் சாக்லேட்தான். ஏனென்றால் இரண்டு வருஷம் கழித்து ஒரு அடைமழை மத்தியானம், பக்கத் திரையெல்லாம் இறக்கிவிட்ட ஆட்டோவில் ஒரே ஒரு பையோடு அக்கா வந்து இறங்கினாள். அங்கே அவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கிறதாம். பேப்பர் வராது. அக்கா ஈரத்தோடு முன்னறையில் நிற்கிறாள். ‘சாப்டியா’ என்று கேட்பதற்கு முன்னால் அம்மா செய்த முதல் காரியம், தெருக்கதவைச் சாத்தியது. “பின்னால போய் இரு. யாரும் பாக்கல இல்ல?”

சாக்லேட் தின்ற தெருவுக்கு இப்போது என்ன பதில் சொல்வது? ‘நாலு நாள் இருக்கட்டும், யோசிப்போம்’ என்றாள் அம்மா. அந்த நாலு நாள் மூன்று வருஷம் ஆனது.

பின்னறைக்கு ஜன்னல் கொல்லைப்பக்கம். அதையும் அடைத்தாயிற்று. ரேடியோ கூடாது, தும்மல் கூடாது, வளையல் கூடாது. கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்து மாடியில் யாரும் துணி காயப்போடவில்லையே என்று நான் பார்த்துவந்து சொல்ல வேண்டும். அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தினமும் பேப்பர் படித்து முடித்ததும் மடித்து, பின்னறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஒரு நாள் தெருக்குழாயடியில் அஞ்சலாட்சியக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, நீ கடைக்குப் போயிடற. உங்கப்பாம்மா ரேஷனுக்குப் போயிருந்தாங்க. உங்க வூட்ல யாரோ நடக்கறாங்க. செவுத்துல காத வச்சுக் கேட்டேன்.”

பயந்த வாய் என்னவெல்லாம் சொல்லும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. “அது... எங்களுக்கு முன்னால குடியிருந்த பொண்ணுக்கா. அந்த ரூம்லதான் செத்துச்சாம். வெளிய சொல்லாதீங்க.”

வெளியே சொல்லாதே என்றால் போதாதா? மறுநாள் காலை எங்கள் வாசல்படியில் எலுமிச்சம்பழம் இருந்தது.

நான் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தாள். “எப்பிடிச் செத்தேன்னு கேட்டாங்களா?”

“இன்னும் கேக்கல.”

“கேட்டா, மண்ணெண்ணெ ஊத்திக்கிச்சுன்னு சொல்லாத. அது எல்லா வூட்லயும் இருக்குது. பசில செத்துச்சுன்னு சொல்லு. மாமியா சோறு போடல. அதான் அடுப்படிப் பக்கம் நடக்குதுன்னு சொல்லு.”

இப்படித்தான் ஐயா நான் எழுத்தாளர் ஆனேன். குழாயடியில் கேள்வி வரும். பின்னறையிலிருந்து பதில் வரும். ஜெராக்ஸ் கடையில் பாழாய்ப்போன தாள்கள் குவியும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் எழுதிக்கொண்டுவந்து கதவுக்கு அடியில் தள்ளுவேன். அக்கா திருத்தித் திருப்பித் தள்ளுவாள். முதல் கதையைச் சென்னைக்கு ஒரு பத்திரிகைக்கு அனுப்பியபோது, ‘கதை சுமார், பின்பக்கம் உள்ள மூத்திரப் பரிசோதனை முடிவில் சர்க்கரை அதிகம், உடனே கவனிக்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள். சத்தம் வராமல் சிரிக்க அவள் அதற்குள் பழகியிருந்தாள்.

என்னைப் பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் புடவை கட்டித் தயாராக நிற்கிறேன். அம்மாவுக்குக் கை ஓடவில்லை. அக்காவுக்கோ இரண்டு நாளாக இருமல். ‘யாராவது கொல்லைக்குப் போறேன்னு எழுந்து, அந்தக் கதவத் தொறந்துட்டா?’ என்றாள் அம்மா. பின்னறைக் கதவுக்கு வெளிப்பக்கம் பழைய இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. அதுவரை அதை யாரும் தொட்டதில்லை.

தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. இழுத்தபோது விரலில் துரு ஒட்டிக்கொண்டது.

வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா பேச்சுப் பிரியை. மணி மூன்று, நாலு, ஐந்தாயிற்று. நடுவில் ஒரு இருமல் வந்தது. அடக்கி அடக்கி வெடித்த இருமல்.

“உள்ள யாரு?” என்றார் அந்த அம்மா.

தலைகுனிந்து உட்கார்ந்திருந்த நான்தான் சொன்னேன்: “பூனைங்க.”

“பூனைக்குச் சளியா?” என்று அவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு கதவைத் திறந்தேன். அக்கா ஈரத் தரையைத் தன் பழைய புடவையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கொல்லைக்குப் போக வழியில்லாமல் மூன்று மணி நேரம். ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல், “புடிச்சிருக்காமா?” என்று மட்டும் கேட்டாள்.

பிடித்திருந்தது. கல்யாண மண்டபத்தில் அம்மா, ‘வளருக்கு லீவு கிடைக்கல’ என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரிடம் நான் உண்மையைச் சொல்ல ஒரு வருஷம் ஆயிற்று. அவர், “அப்ப அந்தப் பூனை?” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் முதல் மாத நாவலாக எழுதினேன். பெண் பார்க்க வருகிறார்கள், பூட்டிய அறையிலிருந்து இருமல் கேட்கிறது, அம்மாக்காரி ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள், உள்ளே இருப்பது பேய். கடைசி அத்தியாயத்தில் பேயை ஓட்டியே ஆக வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். பூசாரியைக் கூட்டிவந்து, சூலத்தை நட்டு ஓட்டினேன். புத்தகம் வந்ததும் உப்பளத்துக்கு ஓடினேன். இந்த முறை கதவுக்கு அடியில் தள்ளவில்லை. உள்ளே போய்க் கையில் கொடுத்தேன். அக்கா மத்தியானம் முழுக்கப் படித்தாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நல்லாத்தான் எழுதியிருக்க,” என்றாள். “தாப்பா போட்டது அம்மான்னு எழுதியிருக்கியே.”

“அம்மாதானக்கா போடச் சொன்னாங்க.”

“சொன்னது அம்மா. போட்ட கை யாருதுடி?”

நான் ஆள்காட்டி விரலை முந்தானையில் துடைத்தேன்.

“அது போவட்டும். பேய எதுக்கு ஓட்டின? அது யார என்னா பண்ணுச்சு? வாசப்பக்கமா நடந்து வெளிய போயிடுச்சுன்னு எழுதியிருந்தா போதாதா?”

“பயமா இருக்காதுன்னு சொல்லிடுவாங்கக்கா.”

“அதாண்டி பயம்,” என்றாள் அக்கா. “உங்களுக்கெல்லாம்.”

மறுநாள் காலை பத்து மணி வாக்கில், குழாயடியில் குடம் வரிசையில் நிற்கும்போது, அக்கா தலை சீவிப் பொட்டு வைத்து, அந்தப் பழைய பையை எடுத்துக்கொண்டு தெருக்கதவைத் திறந்தாள். அம்மா கையைப் பிடித்திருக்கிறாள். அப்பாதான், பேச்சையே மறந்துபோன அப்பா, “வுடு” என்றாராம். மூன்று வருஷம் வெயில் படாத அக்கா வெளுத்துப்போய்ப் படியிறங்கிவர, குழாயடியில் குடம் நிரம்பி வழிந்திருக்கிறது. அஞ்சலாட்சியக்காதான் சமாளித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்: “வளரு! எப்பிடிச் செவந்துட்ட! பிரான்சுலருந்து எப்ப வந்த?”

“இப்பத்தாங்க்கா,” என்றாளாம் அக்கா.

அப்படியே நடந்து போய் விழுப்புரம் பஸ் ஏறினாள். அங்கே ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை தேடிக்கொண்டாள். இத்தனை வருஷமும் அங்கேதான். அந்த ஹாஸ்டலில் எந்த அறைக்கும் வெளித்தாழ்ப்பாள் கிடையாது. அக்காவே கழற்றிவிட்டாள் என்று கேள்வி. இப்போது முட்டி வலி, அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிடிகொடுக்காமல் இருந்தவள், போன மாதம் போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “ரூமுக்குத் தாப்பா உள்பக்கம்தான?” அந்த அறைக்குத்தான் ஆசாரி கதவு மாட்டிக்கொண்டிருந்தார்.

உப்பளத்து வீட்டை இடித்து மூன்று மாடி எழும்பிவிட்டது. குழாயடி இல்லை; அஞ்சலாட்சியக்கா இல்லை; அம்மாவும் அப்பாவும் இல்லை. பசியில் செத்துப் பகலில் நடந்த எங்கள் பேயை அந்தத் தெருவில் இப்போது யாருக்கும் தெரியாது. வீட்டை இடித்தபோது பின்னறைக் கதவைத் தேடிப் பழைய மரக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், ‘இரும்ப எல்லாம் புடுங்கி எடைக்குப் போட்டாச்சும்மா’ என்றார். எங்கோ உருகி என்னவாகவோ ஆகியிருக்கும் அந்தத் தாழ்ப்பாள்.

இத்தனை பேய்க்கதை எழுதியும் ஒரு வரியை மட்டும் நான் இன்னும் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா வருகிறாள். வந்ததும் படிக்கக் கேட்பாள். அதனால் எழுதிவைக்கிறேன்: அன்றைக்குத் தாழ்ப்பாள் போட்டது அம்மா இல்லை. நான்தான்.