ஆயுத பூசைக்குக் குளித்த பியானோ

இலங்கையில் தெமோதரைப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பியானோ என்ற பெயரைப் பாதிப் பேர் கேட்டதே இல்லை. கேட்டிருந்த மீதிப் பேரும் அது துரை பங்களாவில் சுவரோரம் நிற்கும் ஏதோ அலமாரி என்றே நினைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றை என் அப்பா வாங்கினாரே, அது பாட்டின் மேல் இருந்த ஆசையால் அல்ல. அக்காவைக் கட்டிக்கொடுப்பதற்காக வாங்கினார்.

அப்பா, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி. லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்கள் அவரைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்வார்கள். அவருக்கு இருந்த ஒரே குறை, பதுளை டவுனில் தமக்கு ஒரு சம்பந்தம் இல்லையே என்பது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் அங்கே இங்கிலீஷ் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி. மனைவியை இழந்தவர். அப்பாவைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையவராக இருப்பார். துரைமார் வந்துபோகும் வீடு என்பதால் வருகிறவளுக்குப் பியானோ வாசிக்கத் தெரிய வேண்டும், சீரோடு ஒரு பியானோவும் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அக்காவோ பதுளையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தபோது பியானோ கற்றவள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவரு மக எங்கூட ஒரே பெஞ்சியில உக்காந்து படிச்சவம்மா. அவளுக்கு நான் சித்தியா?"

அம்மா அப்பாவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "வாக்குக் குடுத்தாச்சு. இனிமே பேச்சே இல்ல" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அதற்குமேல் யாரும் பேசிப் பழக்கமில்லை.

புதுப் பியானோ என்றால் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதன் விலையைக் கேட்ட அப்பா பதுளைச் சம்பந்தத்தையே கொஞ்ச நேரம் மறந்துபோனார். நல்லவேளையாக, பூனாகலைப் பக்கம் ஒரு பங்களாவில் துரைசானி சீமைக்குத் திரும்புவதற்காகச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். அக்காவையும் என்னையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அப்பா புறப்பட்டார். வழியெல்லாம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

சுவரோடு நிமிர்ந்து நிற்கிற சின்னப் பியானோ அது. முதுகுப் பலகையைப் பூச்சி அரித்திருந்தது. மெழுகுவர்த்தி செருகும் பித்தளைக் கைகளில் ஒன்றைக் காணோம். ஓரத்துக் கட்டைகள் இரண்டு என்ன அமுக்கினாலும் பேசவில்லை. ஒவ்வொரு குறைக்கும் அப்பா உச்சுக்கொட்டி விலையை இறக்கினார். அக்கா மெல்ல உட்கார்ந்து விரல்களை வைத்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய பிறகு சுளகின் விளிம்பில் தாளம் தட்டிக்கொண்டு திரிந்தவள் அவள். வாசிக்க வாசிக்க அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்காக வாங்குகிறார்கள் என்பதையே அந்த நேரம் மறந்துவிட்டாள், பாவம். துரைசானி அவளிடம் என்னவோ இங்கிலீஷில் சொன்னாள். "ஈரம் ஆகவே ஆகாதாம். பட்டா செத்துப்போயிருமாம்" என்று அக்கா திருப்பிச் சொன்னாள். பேரத்தில் இருந்த அப்பா அதைக் காதில் வாங்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் மூங்கில் கட்டி, சாமி சப்பரம் தூக்குவது போலவே அரோகரா போட்டுக்கொண்டு அதை மேட்டில் ஏற்றி வந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று லயத்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு வந்த நாட்களில் அக்கா சோறு தண்ணி மறந்து வாசித்தாள். ஈரக்கையோடு நான் கிட்டே போனால் சுளீரென்று அடி விழும். பக்கத்தில் இருக்கும் அம்மா, "சொன்னாக் கேக்குறியா நீ?" என்று என்னைத்தான் திட்டுவாள்.

விஜயதசமியன்று காலை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அதற்கு முந்தின நாள் ஆயுத பூசை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து அப்பாவின் பேனா வரைக்கும் எல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும் நாள். பூசைக்கு வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. கத்திகளைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள்.

"அம்மா, பியானோவையும் கழுவணும் இல்ல?"

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆமா, கழுவு" என்று சொல்லி, தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கி வந்து கொடுத்தாள்.

அக்கா மேல்மூடியைத் திறந்து உள்ளே ஊற்றினாள். எனக்குப் பதறியது. "ஈரம் ஆகாதுன்னியேக்கா!"

"சாமிக்குத்தானே பாப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாள். குடம் காலியானதும் துணியால் துடைத்து, நெற்றிக்கு இடுவது போலப் பார்த்துப் பார்த்துச் சந்தனம் இட்டாள்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் தம் அக்காளோடு வந்து உட்கார்ந்தார். பூசை கலைத்து, தேங்காய் உடைத்து, அக்காவை வாசிக்கச் சொன்னார்கள். அமுக்கிய கட்டை அமுங்கியபடியே கிடந்தது. அடுத்ததும் அப்படியே. உள்ளேயிருந்து தொப்பென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

வந்தவரின் அக்காள் எழுந்துவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா சரஸ்வதியே வாயை மூடிக்கிட்டா. இது என்னங்க சகுனம்? எங்க வீடு ஒருத்தியப் பறிகுடுத்தது போதும்." தட்டில் வைத்த வெற்றிலையைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள்.

அப்பா போட்ட சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. "எந்த முட்டாள் அதுல தண்ணிய ஊத்துனது?"

"நான்தாங்க கழுவச் சொன்னேன்" என்றாள் அம்மா. "ஈரம் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

படிக்காதவளைக் கட்டிக்கொண்டு தாம் பட்ட பாட்டையெல்லாம் அப்பா சொல்லித் தீர்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எனக்கே அவள் மேல் கோபமாக வந்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாதா என்ன!

அன்று சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். பேசாத அந்தக் கட்டைகளின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அக்கா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். செத்த வீட்டில்தான் அப்படி அழுது பார்த்திருக்கிறேன். பயந்துபோய் அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, மாப்பிள்ளை போயிட்டாருன்னு அக்கா அழுவுது."

அம்மா என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். "யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு, தங்கம்" என்றாள்.

நானும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து கடைசி லயம் வரைக்கும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.