கொமரலிங்கம் ஆற்றில் ஒரு அலைச்சறுக்குப் பலகை

திருப்பூரிலிருந்து கடலுக்குப் போக ஒரு பகல் முழுக்க ஆகும். அப்படியிருக்க, அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏன் ஆற்றுக்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது 2008 மே மாதம், என் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நடந்தது.

மண்ணரையில் எங்கள் வீட்டு மாடியில் ஸ்டெல்லா அக்கா குடும்பத்தோடு குடியிருக்கிறார். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அதே கம்பெனியில் என் அப்பாதான் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். ஊரில் இருந்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தங்கியிருந்த ஹெலன் என்ற பெண்ணிடம் அக்கா அலைச்சறுக்கு கற்றுக்கொண்டிருக்கிறார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஹெலன் அவசரமாகக் கிளம்பியபோது, "நான் வரும்வரை பார்த்துக்கொள்" என்று தன் பலகையை அக்காவிடம் விட்டுப்போனார். பிறகு அக்கா குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூர் வந்தது. பலகையும் லாரியில் வந்தது. வரும் வழியில் இரும்பு பீரோவின் கால் அதன்மேல் இறங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ஓட்டை, சுற்றிலும் கிரீஸ் கறை.

இப்போது ஹெலன் திரும்பி வருகிறார் என்று செய்தி வந்தது. ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் மட்டும் அந்த ஊரில் இருப்பார். பிறகு இலங்கை போய்விடுவார். "நம்பிக் குடுத்த பொருளு. உடைஞ்ச பலகையோட அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று அக்கா சோறு இறங்காமல் இருந்தார்.

அப்பா உடனே களத்தில் இறங்கினார். துணியில் எண்ணெய்க் கறை பட்டால் எங்கள் கம்பெனிகளில் ஒரு சின்ன ஸ்ப்ரே கன்னில் கெமிக்கல் ஊற்றி அடிப்பார்கள். கறை பறந்துவிடும். அப்பா அந்தக் கன்னை வாங்கி வந்தார்.

"கிரீஸ்தானுங்க அம்மிணி. ரெண்டு அடி அடிச்சா ஓடியே போயிரும்."

அடித்தார். கிரீஸ் ஓடியே போனது. கூடவே ஓட்டைக்குள் தெரிந்த வெள்ளை நுரையும் வெயிலில் வைத்த வெண்ணெய் போல உள்ளே சுருங்கிக்கொண்டே போனது. எலுமிச்சம்பழம் தேங்காய்மூடியாயிற்று.

அக்கா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கறை போயிட்டு அண்ணாச்சி. பலகையும் போயிட்டு."

அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பிரவுசிங் சென்டருக்கு ஓடி, கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்தப் பலகைகளின் உள்ளே இருப்பது நுரை. மேலே கண்ணாடி இழைத் துணியை ரெசின் என்ற பிசினில் நனைத்து ஒட்டியிருப்பார்கள். நுரையில் இரண்டு வகை உண்டு. எங்களுடையது தெர்மாகோல் இனம். அதன்மேல் தின்னரோ, கறை எடுக்கும் கெமிக்கலோ, பாலியெஸ்டர் ரெசினோ படவே கூடாது. எபாக்ஸி ரெசின் மட்டும்தான் ஆகும். இதை முதலில் படித்திருக்கலாம்!

கோயம்புத்தூரில் ஃபைபர் வேலைக்குச் சாமான் விற்கும் கடையில் எபாக்ஸி, அதை இறுகவைக்கும் ஹார்டனர், ஒரு மீட்டர் கண்ணாடி இழைத் துணி எல்லாம் சேர்த்து 460 ரூபாய் ஆயிற்று. பலகையை முதலில் நாலைந்து நாள் நிழலில் காயவைத்தோம். உள்ளே ஈரம் இருக்கும்போது மூடினால் அது உள்ளேயே தங்கிவிடும். இற்றுப்போன நுரையைச் சுரண்டி, டி.வி. பெட்டியில் வந்த தெர்மாகோலை ஓட்டையின் வடிவத்துக்கு வெட்டி, எபாக்ஸி தடவிப் பொருத்தினோம். இறுகியதும் உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்தினோம். அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டிய இரண்டு இழைத் துணிகளை ரெசினில் நனைத்து ஒட்டினோம். மேலே டி-ஷர்ட் பேக் செய்யும் பாலிதீன் கவரை விரித்து, குமிழி இல்லாமல் அப்பா நீவிவிட்டார். மறுநாள் கவரை உரித்தபோது கண்ணாடிபோல் இருந்தது. அக்கா முதன்முறையாகச் சிரித்தார்.

பிறகு அக்கா தன் தொழிலைக் காட்டினார். கம்பெனியில் துணியின் ஓட்டையைக் கண்டுபிடிக்க அடியில் டியூப்லைட் எரியும் மேசை இருக்கும். அதேபோல வீட்டு டியூப்லைட்டை அடியில் வைத்து, பலகையை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். குறை தெரிந்த இடத்தில் டேமேஜ் பீஸில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினார். ஆறு அம்புகள். ஆறையும் அடைத்தோம்.

இனி தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே? வீட்டருகே நொய்யல் இருக்கிறது. ஆனால் அதில் விட்டால் பலகை, சாயப்பட்டறைகள் அன்றைக்குத் திறந்துவிட்ட சாயத்தின் நிறத்தில்தான் திரும்பி வரும். எங்கள் கம்பெனிக்கு நூல் ஏற்றிவரும் குட்டியானை வண்டி டிரைவர் பழனிச்சாமி அண்ணன் சாமளாபுரத்துக்காரர். "எங்கூருக் கொளமும் நொய்யத் தண்ணிதானுங்க. நான் வெள்ளிக்கெழம உடுமலை மில்லுக்குக் காலி வண்டிதான் ஓட்டீட்டுப் போறனுங்க. ஏறிக்கோங்க, கொமரலிங்கத்துல எறக்கி உட்டர்றேன். அமராவதித் தண்ணி கண்ணாடியாட்ட இருக்கும்" என்றார்.

வெள்ளி காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பலகையைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டினோம். பல்லடம் தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இஸ்திரி மேசைங்களா?" என்றார். "இல்லீங்க, எம்பொண்ணுக்குச் சீர் குடுக்கற கட்டலுங்க" என்றார் பழனிச்சாமி அண்ணன். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. உடுமலை வரை சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து கொமரலிங்கம் இன்னும் பதினெட்டு. காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் தூரம் தெரியாது. எட்டரைக்கெல்லாம் ஆற்றங்கரையில் இறங்கிவிட்டோம். வாடகை என்று நீட்டியதை அண்ணன் வாங்கவே இல்லை.

கோடையில் ஆறு மெலிந்திருந்தது. துவைத்துக்கொண்டிருந்த அக்காக்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள்.

"ஏங்கண்ணு, துணி தொவைக்கற பலகையா? இத்தாம் பெருசா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர்களில் தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர், "தடுப்பணைக்கு மேல போங்க, இடுப்பளவு தண்ணி நிக்குது" என்று தானே வழிகாட்டி வந்தார். அவர் பெயர் சரசு. பலகையை முழுதாக அமிழ்த்தினால்தான் குமிழி வருகிறதா என்று தெரியும். அது எங்கே அமிழ்கிறது? நான் ஏறி உட்கார்ந்தேன், மிதந்தது.

"நீ ஈர்க்குச்சி. தள்ளு கண்ணு" என்று சரசு அக்கா புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினார். பலகை உடனே அடங்கியது. கரையில் ஒரே சிரிப்பு.

அப்பாவின் ஒட்டுப் பக்கம் ஒரு குமிழிகூட இல்லை. அப்பா நிமிர்ந்து நின்றார். அப்போது சரசு அக்கா, "இங்க என்னமோ கொப்பளிக்குதே" என்றார். வால் பக்கம், பலகையின் அடியில் மீனுக்கு இருப்பதுபோல் துடுப்பு பொருத்திய இடத்தில், கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

கரையேறினோம். மறுநாள் இரவு அக்காவுக்குப் பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று. மறுபடி அடைத்தால், காய்ந்து இறுகிக் கிளம்ப ஞாயிறு ஆகிவிடும். அக்காவுக்குத் திங்கள் லீவு கிடையாது, ஷிப்மெண்ட் வாரம்.

"ஊசி முனைதானுங்க அம்மிணி. யாருக்குந் தெரியாது" என்றார் அப்பா மெதுவாக.

அக்கா துப்பட்டாவால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நம்ம கம்பெனில இப்படி ஒரு பீஸ் வந்தா நீங்க விடுவீயளா, அண்ணாச்சி?"

அப்பா ஆற்றைப் பார்த்தார். "உட மாட்டனுங்க."

அக்கா அங்கே ஒரு சிவப்பு அம்பை ஒட்டினார்.

சரசு அக்கா கொடுத்த கம்பங்கூழைக் குடித்துவிட்டு, நூல் மூட்டைகளோடு வந்த பழனிச்சாமி அண்ணன் வண்டியில் திரும்பினோம். துடுப்பின் அடியைச் சுரண்டிக் காயவைத்து, சனிக்கிழமை எபாக்ஸி ஊற்றி அடைத்தோம். அப்பா மேனேஜரிடம் பேசி, திங்களன்று அக்காவின் மேசையில் தானே உட்கார்ந்து செக்கிங் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். அன்று முழுக்க அங்குள்ள பெண்கள், "அண்ணா, பீஸ் பெண்டிங் ஆவுதுங்க, வெரசாப் பாருங்க" என்று அவரை வாட்டி எடுத்தார்களாம். அக்கா ஞாயிறு இரவு பஸ் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: முதலில் உங்கள் பலகையின் நுரை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். காற்றோட்டமான நிழலில், கையுறையும் மாஸ்க்கும் போட்டு வேலை செய்யுங்கள். ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவில் சொன்ன அளவில் மட்டும் கலக்குங்கள். துடுப்பின் அடியை மறக்காதீர்கள். கொமரலிங்கம் போனால், அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று உள்ளூரில் கேட்காமல் ஆற்றில் இறங்காதீர்கள். கேளுங்கள், சொல்வதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள். எங்களுக்கு வழி காட்டியது மட்டுமல்ல, பலகையில் ஏறி உட்காரவும் செய்தார்கள். அவர்களையும் பழனிச்சாமி அண்ணனையும் நினைத்தால் நன்றி சொல்ல வார்த்தை போதவில்லை.

திங்கள் மாலை அக்கா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். ஹெலன் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாராம். பிறகு, "முதலில் நீ போ" என்று பலகையை அக்கா கையிலேயே கொடுத்துவிட்டாராம்.

அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "ஏனுங்க அம்மிணி, தண்ணி உள்ள போச்சுங்களா?"

"போச்சி அண்ணாச்சி," என்றார் அக்கா, இங்கே எனக்கே கேட்கும் அளவுக்குச் சிரித்துக்கொண்டு. "எம் மூக்குக்குள்ள."