காத்தானுக்குப் போன் போடாத ஒரு மணி நேரம்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளே கால் நீட்டிப் படுத்திருக்கிறார். அதே ஊர் அனந்தபத்மநாபனால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. வயது ஐம்பத்தாறு. துவாக்குடியில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கு அவர்தான் பொறுப்பு. மூன்று மினி லாரி, மூன்று டிரைவர். வண்டி கேட்டைத் தாண்டிய பத்தாவது நிமிஷம் போனை எடுப்பார். "எங்கப்பா இருக்க?" இன்னொரு பத்து நிமிஷத்தில் மறுபடியும் அதே கேள்வி. பெங்களூரிலிருந்து ரயிலில் வரும் மகளையும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இப்படித்தான் பிடுங்கி எடுப்பார். ரயிலை நீங்களே தள்ளிண்டு வரேளா என்று மனைவி கோதைநாயகி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

போனை எடுக்காத டிரைவர்மேல் பாய்வார். அதனால் அவர்கள் ஓட்டிக்கொண்டே எடுக்கப் பழகிவிட்டார்கள். அவர்களில் காத்தான் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் போனுமாக எண்பதில் பறப்பான். இதற்காக அனந்தபத்மநாபன் அவனைக் கண்டித்ததும் உண்டு. அதையும் போன் போட்டுத்தான் கண்டித்தார்.

வண்டியைப் பராமரிப்பதில் மட்டும் இந்தத் துடிப்பைக் காணோம். தினமும் காலையில் பிரேக், டயர், விளக்கு எல்லாம் பார்த்து டிக் போட ஒரு தாள் உண்டு. மாதம் பிறந்ததும் கடைசி தேதி வரைக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டுவிடுவார். பிரேக்கை மிதித்தால் தொபுக்கென்று உள்ளே போகிறது என்று காத்தான் போன மாதமே வந்து சொன்னான். ஆயுத பூஜை முடியட்டும் என்றார். பூஜை அமர்க்களமாக நடந்தது. ஷெட்டைக் கழுவி, வண்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். காத்தான் மனைவி இருசம்மாள் ஒரு தூக்கு நிறைய சுண்டல் கொண்டுவந்தாள். பூஜை போட்ட வண்டிக்கு என்ன வந்துவிடும் என்று அவருக்கும் ஓர் அசட்டுத் தைரியம்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஒன்பதரைக்குக் காத்தான் முசிறிக்குக் குழாய் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். முதல் போன் பேசியாகிவிட்டது. இரண்டாவது போனுக்காக நடந்துகொண்டே பெயரைத் தேடியவர், ஷெட்டில் சட்டென்று நின்றார். பூஜைக்குக் கழுவிய தரையில், காத்தான் வண்டி நின்ற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிசுக்கு. மெக்கானிக் செந்தமிழன் குனிந்து தொட்டு முகர்ந்து பார்த்தான். பிரேக் ஆயில்.

அவர் கட்டைவிரல் காத்தான் பெயருக்கே போய்விட்டது. செந்தமிழன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போடாதீங்க சார். ஓட்டிக்கிட்டேதான் எடுப்பாரு. பிரேக்கும் இல்லாம, ஒத்தக் கையில."

சொன்னவன் பைக்கை எடுத்துக்கொண்டு விரட்டிப் போனான். ஆனால் காத்தானை யார் எட்டிப் பிடிப்பது? அனந்தபத்மநாபனுக்கு மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், கேட் வரைக்கும் போய்த் திரும்பினார். இந்நேரம் காவிரிப் பாலம். இந்நேரம் டோல்கேட், பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். குழாய் பாரம் பின்னாலிருந்து தள்ள, மிதிக்க மிதிக்க நிற்காத வண்டி. மேஜையில் அந்தத் தாள் கிடந்தது. இன்றைக்கு பிரேக் சரி. நாளைக்கும் சரி. மாதக் கடைசி வரைக்கும் சரி. எல்லாம் அவர் போட்ட டிக். வெட்கத்தில் தாளைக் குப்புறக் கவிழ்த்தார். போனைத் தொடாமல் இருப்பதற்காகக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. காத்தான்.

"வண்டி ஓடுதாப்பா?" அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"இல்ல சார், குணசீலத்துல ஓரங்கட்டிட்டேன். ஒரு மணி நேரமா உங்க போன் வரலையே, மனசு கேக்கல. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

அனந்தபத்மநாபன் எழுந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டியைத் தொடாதே, செந்தமிழன் வந்துகொண்டிருக்கிறான், பிரேக் ஆயில் ஒழுகுகிறது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"அதான் நாலு தடவ மிதிச்சப்புறம் நின்னுச்சு. போன மாசமே சொன்னேனே சார்."

அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவரை அறுத்தது. தப்பு தன்மேல்தான் என்றார். காத்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டான்.

தாளை எடுத்து எல்லா டிக்கையும் கோடு போட்டு அடித்தார். பத்தாவது நிமிஷம் கை தானாகப் போனுக்குப் போயிற்று. இன்னும் இரண்டு வண்டிகள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. போனை அப்படியே வைத்துவிட்டு, அந்த இரண்டும் நின்ற இடத்தைப் பார்க்க ஷெட்டுக்கு ஓடினார்.