கதிரேசன் அண்ணன் எடுத்த ஒரே படம்

செய்தி வந்தபோது நான் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில், வேலை செய்யும் தொழிற்சாலையில் நெளிந்த பிளாஸ்டிக் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்தேன். கதிரேசன் அண்ணனின் மனைவி லலிதா அக்காவின் தம்பி பிரகாஷ் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அக்கா, மாமா போய்ட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." மறுபடியும் போட்டுக் கேட்டேன். அழுகை வருவதற்கு முன்னால் பயம்தான் வந்தது. படத்தில் அந்தக் காட்சியை அண்ணன் வெட்டினாரா, வெட்டவில்லையா?

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவள். இந்த நினைவு மலரில் எனக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று லலிதா அக்கா சொன்னபோது, எனக்கு எழுத வராது என்றுதான் சொன்னேன். "பேசுறத எழுது லா" என்றார். அப்படியே எழுதுகிறேன்.

அண்ணனைத் தெரிந்த உங்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கல்யாண வீடியோ எடுத்திருப்பார். மாமியார் முறைப்பதை எடுக்க மாட்டார், மணப்பெண் அழுவதைப் பக்கத்தில் போய் எடுக்க மாட்டார். ஆனால் அவருடைய மனசு கல்யாண மண்டபத்தில் இல்லை. சின்ன வயதில் வாடகைக் கேசட்டில் ஒளிந்து பார்த்த படங்களில் இருந்தது. ரத்தத்தை வாளி வாளியாக ஊற்றும் படம், ரப்பர் பேய் வரும் படம், பெண் ஒருத்தி கத்தி எடுத்துப் பழிவாங்கும் படம். குடும்பத்தோடு பார்க்க முடியாது என்று பெரியவர்கள் ஒதுக்கிய படங்கள். இப்போது வெளிநாட்டில் பெரிய ஆட்கள்கூட நல்ல கேமராவை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கோடு விழவைத்து, நிறத்தை வெளுக்கவைத்து, அந்தப் படங்களுக்கு மரியாதை செய்வதுபோலப் புதுப்படம் எடுக்கிறார்கள் என்று சொல்வார். பினாங்கிலும் தமிழில் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. "மட்டமான படம்னு சொல்லாதீங்க. மலிவான படம்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்கு" என்பார்.

என்னை அவர் கண்டுபிடித்தது என் அக்கா மகன் கல்யாணத்தில். பந்தியில் ஆட்டுக்கறி தீர்ந்துவிட்டது என்று சமையல்காரர் சொல்ல, நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பிடிபிடி என்று பிடித்தேன். திரும்பினால் கேமரா என் மூஞ்சிக்கு நேராக இருக்கிறது.

"அண்ணே, இத எல்லாமா எடுப்பாங்க?"

"தங்கச்சி, கோவிச்சுக்காத. இந்த மூஞ்சிக்கு ஒரு பாராங் கத்தி மட்டும்தான் குறை."

சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் லலிதா அக்காவையும் அழைத்துக்கொண்டு ஃபெரி ஏறி பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கதையைச் சொன்னார். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருத்தி, தன் தங்கையைச் சீரழித்த மேலாளரையும் அவன் ஆட்களையும் தேடித் தேடி வெட்டுகிறாள். அவ்வளவுதான் கதை. "அந்தக் காலத்துப் படத்துல பொம்பளைய அழ விட்டு அதக் காட்டிக் கூட்டம் சேர்த்தாங்க. நம்ம படத்துல அழறது பூரா ஆம்பளைங்க" என்றார். அதைக் கேட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் போன பிறகு நான் எதற்கும் உடனே சரி என்று சொன்னதில்லை.

மாக் மண்டினில் மூடிக்கிடந்த பட்டறை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பிடித்தோம். ரத்தத்துக்கு ரோஸ் சிரப், மாவு, கொஞ்சம் சோயா கிச்சாப். என் தலையிலிருந்து கால்வரை ஊற்றிவிட்டு வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார். எறும்பு வந்துவிடும். மேலாளராக நடித்த காதர் பாய், மீ கோரிங் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், செத்துக் கிடந்தபடியே கத்துவார்: "அண்ணே, சீக்கிரம் எடுங்க, என்னைத் தின்னுட்டுப் போயிரும்போல!" அண்ணன் அசையமாட்டார். "பொணம் பேசக் கூடாது பாய்."

எடுத்த படம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு அழுக்காக்குவார். கோடு, புள்ளி, நடுநடுவே கரகர என்று ஒரு சத்தம். "நல்லா எடுத்துட்டு ஏண்ணே கெடுக்குறீங்க?" என்று கேட்டேன். "புதுச்சட்டை மினுக்கிக்கிட்டு ஏழைச் சிநேகிதன் வீட்டுக்குப் போனா, அவன் வாசல்லயே நிக்க வச்சிருவான் தங்கச்சி" என்றார்.

இனி அந்தக் காட்சிக்கு வருகிறேன். மேலாளரை வெட்டிய பிறகு அவள் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறாள். ரத்தம் ஊறிய சேலையைக் களைந்துவிட்டு, மார்போடு கைலியைக் கட்டிக்கொண்டு குளிக்கிறாள். அந்தப் படங்களில் எல்லாம் இப்படி ஒரு குளியல் இருக்குமாம், கேமரா மேலும் கீழும் மேயுமாம். "நான் உன் மூஞ்சிய மட்டும்தான் பார்ப்பேன். ஆனா தோளும் தெரியும், பொய் சொல்ல மாட்டேன்" என்றார். எல்லாரையும் வெளியே அனுப்பினார். விளக்கை லலிதா அக்கா பிடித்தார். முதல் வாளித் தண்ணீர் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கதையில் அது இல்லை. நிறுத்த முடியவில்லை. வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தேன். அண்ணன் கட் சொல்லவே இல்லை. முடிந்ததும் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுதான் படம். மத்ததெல்லாம் சிரப்பு" என்றார்.

அதற்குப் பிறகுதான் என் மகள் கவிதாவுக்கு தாசேக் கெலுகோரில் இடம் அமைந்தது. நல்ல குடும்பம். சம்பந்தியம்மா கோயில் காரியம் எல்லாம் முன்னால் நின்று செய்பவர். ஒருநாள் பேச்சுவாக்கில், "இப்ப பொம்பளைங்க எல்லாம் டிக்டாக்ல ஆடுறாங்க, அவங்க வீட்ல கேக்க ஆளே இல்லையா?" என்றார். மறுநாளே ஃபெரி பிடித்து ஜோர்ஜ் டவுனுக்குப் போய் அண்ணனிடம் நின்றேன்.

"அண்ணே, அந்தக் குளிக்கிற சீன எடுத்துருங்கண்ணே."

"அது இல்லாட்டிப் படம் நொண்டும் தங்கச்சி."

"என் பொண்ணு வாழ்க்கைண்ணே."

"உன் மூஞ்சி, உனக்குத்தான் சொந்தம். போ. நான் பாத்துக்கறேன்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்வார், எப்போது என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அந்தச் செய்தி வந்துவிட்டது.

கருமாதிக்குப் போனபோது, படத்தை அண்ணன் முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார், எல்லாரையும் கூப்பிட்டு ஒரு ஹாலில் போடப்போகிறோம் என்று பிரகாஷ் சொன்னார். நீ பார்த்தாயா என்று கேட்டேன். "இல்லக்கா. ஹால்லதான் முதல்ல பாக்கணும்னு அக்கா சொல்லிருச்சு." லலிதா அக்காவிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். அவருக்கு நான் அண்ணனிடம் கேட்டதே தெரியவில்லை. "அவரு முடிச்சு வச்சத அப்படியே போடணும், ஒரு துளிகூட யாரும் தொடக் கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். புருஷனைப் பறிகொடுத்தவரிடம் என் கைலியைப் பற்றி என்ன பேசுவது? வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே சம்பந்தியம்மா கூப்பிட்டார். அவர்களுடைய மூத்த மகன் கல்யாணத்துக்கு அண்ணன்தான் வீடியோ எடுத்தாராம், அதனால் அவர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "நாங்களும் வர்றோம் சம்பந்தி. நீங்க நடிச்சிருக்கீங்களாமே! சொல்லவே இல்ல." அது கோபமா, சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. சோறு இறங்கவில்லை. மூடி பொறுக்கும்போது நல்லதும் நெளிந்ததும் ஒன்றாகவே தெரிந்தது. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். உடம்பு சரியில்லை என்று போகாமல் இருந்துவிடலாமா என்று கவிதாவிடம் கேட்டேன். "நீங்க வராட்டி அவங்க மட்டும் உக்காந்து பாப்பாங்கம்மா. அது பரவாயில்லையா?" என்றாள். அவளுக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

ஹாலில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். படம் தொடங்கியது. முதல் வெட்டுக்கே ஹால் அலறியது. இரண்டாவதில் விசில் பறந்தது. சம்பந்தியம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குப் படம் தெரியவே இல்லை. எந்தக் காட்சிக்குப் பிறகு எது என்பது மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காதர் பாய் விழுந்தார். நான் பாராங்கைக் கீழே போட்டேன். பட்டறையின் பின்கதவு. தொட்டி. என் கை சேலைத் தலைப்புக்குப் போகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் நின்றது. பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பும் கைத்தட்டலும். கண்ணைத் திறந்தேன். திரையில் படச்சுருள் தீப்பிடித்ததுபோல நடுவில் கருகி ஓட்டை விழுந்து, பிறகு எல்லாம் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்து: "மன்னிக்கவும். இந்த ரீல் கொட்டகையில் தொலைந்துவிட்டது."

பழைய கொட்டகைகளில் அப்படி ரீல் காணாமல்போவது உண்டு என்று தெரிந்தவர்கள் எழுந்து நின்றே கத்தினார்கள். "டேய், காசத் திருப்பிக் குடு!" என்று யாரோ கூவ, இன்னும் சிரிப்பு. கறுப்பு மறைந்தபோது நான் ஈரத் தலையோடு பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். படம் நொண்டவில்லை. ஒருத்தி கேட்டுக்கொண்டதால் வெட்டிய இடம் அது என்று ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் அண்ணன் செத்தது அழுகையாக வந்தது.

"அய்யோ, என்ன சம்பந்தி, முக்கியமான இடத்துல போயிருச்சே! நீங்கதான நடிச்சீங்க, அந்த ரீல்ல என்ன?" என்று சம்பந்தியம்மா என்னை உலுக்கினார்.

"குளிச்சேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கைலி கட்டிக்கிட்டுக் குளிச்சேன். குளிச்சுட்டுச் சிரிச்சேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அத்தன பேர வெட்டிட்டு வந்தவ குளிக்காம என்ன செய்வா? அதப் போய்த் தொலைச்சாங்களே" என்று சொல்லிவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டார்.

அண்ணனின் சிநேகிதர்களே, அந்த ரீலில் என்ன இருந்தது என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இதுதான் இருந்தது. அந்தக் காட்சி கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதாம். அடுத்து எங்காவது படம் போடும்போது சேர்த்துவிடலாமா என்று லலிதா அக்கா கேட்டார். அவர் கேட்டபோது எனக்குப் பயமாக இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றேன். அந்தக் கறுப்புத் திரையை யாரும் எடுத்துவிடாதீர்கள். படம் நம் எல்லாருக்கும் பொது. அந்த ஒரு இடம் மட்டும் அண்ணன் எனக்காகச் செய்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.